மனையில் இரண்டு குழந்தைகள்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள கீழ்பென்னாத்தூரிலும் அதனைச் சூழ்ந்த கிராமங்களிலும், நல்ல நாள் பார்த்து மனை முகூர்த்தம் நடந்து கடைக்கால் தோண்டிவிட்டார்களென்றால், கிருகப்பிரவேசம் வரையில் அந்தக் குடும்பத்துக்கு வேறு பேச்சே கிடையாது. செங்கல் விலையும், எம் சாண்ட் லோடு வரும் நேரமும், மேஸ்திரியின் சௌகரியமுமே அவர்களுடைய பொழுதை ஆள்கின்றன. 2024-ஆம் ஆண்டு தொடங்கிய கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தால், கிராமங்களில் குடிசையில் வாழும் குடும்பங்களும் அரசின் உதவியோடு 360 சதுர அடியில் சொந்த வீடு கட்டிக்கொள்ள வழி பிறந்திருக்கிறது. இவ்விதம் கட்டுகிறவர்களில் பலருக்கு, நடை பழகிச் சில மாதங்களே ஆன ஒரு குழந்தை இருக்கும். கணவன் ஜல்லிக்கும் கம்பிக்கும் அலைய, மனைவி காலையும் மாலையும் சுவருக்குத் தண்ணீர் விட வர, அந்தக் குழந்தையும் மனைக்கு வந்துவிடுகிறது.

வரக்கூடாது என்று சொல்வது எளிது. விட்டுவர ஆளில்லாத வீட்டில் அந்த உபதேசத்துக்குப் பிரயோஜனமில்லை. ஆகவே, வருகிற குழந்தைக்கு அபாயம் எங்கே இருக்கிறது என்று அறிவதே உசிதம். முதல் அபாயம் தண்ணீர். கூரைக்குக் கான்கிரீட் போட்ட மறுநாள் அதன்மேல் சிமெண்டுக் கலவையால் பாத்தி கட்டி நீரை நிறுத்துவார்கள். நம்முடைய வெயிலில், கலப்புச் சிமெண்டாக இருந்தால் 14 நாளாவது அந்த ஈரம் உலரக்கூடாது என்பது ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தர விதியின் பரிந்துரை. அந்தத் தண்ணீருக்காகவே கீழே பீப்பாய்களும் தொட்டிகளும் விளிம்பு வரையில் நிரம்பி நிற்கும். வீட்டுக்கு உறுதியைத் தருகிற அந்த இரண்டு வாரங்களே குழந்தைக்கு மிகவும் ஆபத்தான காலம். ஏனெனில் இந்தப் பிராயத்தில் உடலை நோக்கத் தலையின் கனம் அதிகம், எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்த குழந்தையால் தானாக நிமிர முடியாது, உயிர் போகச் சில அங்குல நீரே போதும். தரையடித் தொட்டியாகிய சம்பின் வாயில் ஒரு தகரத்தைப் போட்டு, அது பறக்காமலிருக்க இரண்டு செங்கல்லை வைப்பது நம் ஊர் வழக்கம். அது காற்றுக்குக் காவல், குழந்தைக்குக் காவலன்று. சம்பு கட்டி முடித்த அன்றே பூட்டோடு கூடிய இரும்பு மூடியைப் பொருத்திவிட வேண்டும். போர் போட்டுத் தண்ணீர் கிடைக்காத குழியை அடியிலிருந்து தரைமட்டம் வரையில் மண்ணிட்டு நிரப்ப வேண்டுமென்று 2010-லேயே உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. அப்படியிருந்தும் 2019 அக்டோபரில், மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில், சரிவர நிரப்பாத குழியொன்று இரண்டு வயதுக் குழந்தையைப் பலிகொண்டதைத் தமிழ்நாடே நான்கு நாள் கண்ணீரோடு பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த அபாயம் கலவை. சுண்ணாம்பும் ஈரச் சிமெண்டும் காரம் மிக்கவை. கண்ணில் பட்டால் நல்ல நீரால் கால் மணி நேரமேனும் கழுவிய பின்பே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

வேலை முடியும் தறுவாயில் வருகிற அபாயம் கண்ணுக்குத் தெரியாதது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்ற விதி 2017 நவம்பர் முதல் தேதி அமலுக்கு வந்தது. ஆனால் செலவைக் குறைக்கும் பொருட்டு நாம் வாங்கிவரும் பழைய கதவுகளும் ஜன்னல்களும் அதற்கு வெகுகாலம் முந்தியவை. அவற்றைப் புதிய வீட்டின் கூடத்திலேயே கிடத்தி உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது எழுகிற தூசு தரையில் படிகிறது. தரையில் விளையாடுகிற குழந்தையின் கை அந்தத் தூசோடு வாய்க்குப் போகிறது. உட்சென்ற ஈயத்தைக் குழந்தையின் உடல், பெரியவர்களின் உடலைப்போல் நான்கைந்து மடங்கு கிரகித்துக்கொள்வதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதனால் கெடுவது மூளையின் வளர்ச்சி. ஆகையால் அந்த வேலையை வீட்டுக்கு வெளியே, குழந்தை இல்லாத இடத்தில், மரத்தை நனைத்துக்கொண்டு செய்யச் சொல்லவேண்டும்.

இவ்வளவும் வீட்டுக்காரரின் குழந்தையைப் பற்றியது. ஒவ்வொரு மனையிலும் இன்னொரு குழந்தை உண்டு. வேப்பமரக் கிளையிலோ சாரக் கழியிலோ பழைய புடவையைத் தூளியாகக் கட்டி, கலவைச் சட்டியை இறக்கிவைக்கிற போதெல்லாம் ஒருமுறை ஆட்டிவிட்டுப் போகிறாளே சித்தாள், அவளுடைய குழந்தை. 1969-இல் டில்லியில், காந்தி நூற்றாண்டு விழாவுக்கான கட்டட வேலை நடந்த இடத்தில் இத்தகைய குழந்தைகள் புழுதியில் கிடக்கக் கண்டு மனம் பொறாத மீரா மகாதேவன் என்னும் அம்மையார், அங்கேயே ஒரு கூடாரத்தில் தொடங்கிய காப்பகம் ‘மொபைல் கிரெஷஸ்’ என்னும் ஸ்தாபனமாக வளர்ந்தது. 1996-இல் வந்த கட்டடத் தொழிலாளர் சட்டமும், ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்கிற இடத்தில், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஓர் அறை வேண்டுமென்று விதித்தது. கீழ்பென்னாத்தூரில் ஒரு வீடு கட்ட வருகிற சித்தாள்கள் மூன்று பேரோ நான்கு பேரோ. சட்டத்தின் கணக்கில் அவர்கள் பிள்ளைகளுக்கு இடமில்லை. அந்த இடத்தை வீட்டுக்காரர்தான் தரவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஆகவே வீடு கட்டத் தொடங்குகிறவர்களை நான் வேண்டிக்கொள்வது இது: மேஸ்திரியோடு கூலி பேசும் நாளிலேயே குழந்தைகளுக்கான நிழலையும் பேசிவிடுங்கள். லாரி வரும் வழிக்கு எதிர்ப்புறத்தில், தொட்டிக்கும் சம்புக்கும் எட்டத்தில், நான்கு கழி நட்டு ஒரு தார்ப்பாயைக் கட்டி, சுற்றிலும் இடுப்பளவு தட்டி வைத்து அடையுங்கள். குடிக்க நல்ல தண்ணீர் வையுங்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒரு பெண்ணை நாள் முழுவதும் அமர்த்துங்கள். உங்கள் பிள்ளையும் சித்தாளின் பிள்ளையும் அங்கே சேர்ந்து விளையாடட்டும். அந்தப் பெண்ணுக்குத் தரும் கூலியை, சிமெண்டுக்கும் கம்பிக்கும் எழுதுகிற எஸ்டிமேட்டிலேயே முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.