குதிரையின் மூச்சை அளத்தல்

மனிதரின் நுரையீரலைச் சோதிக்கும் வைத்தியர், மூச்சை நன்றாக இழுத்து, முழு பலத்துடன் ஊதுமாறு நோயாளியிடம் கூறுகிறார். வெளிவரும் காற்றின் அளவையும் வேகத்தையும் கருவி குறித்துக்கொள்கிறது. குதிரையிடம் இவ்வாறு கூறிப் பயனில்லை. ஆகவே அதன் சுவாச ஆற்றலை அறிய வேறு முறைகள் தேவைப்படுகின்றன.

மும்பையில் மாதுங்காவுக்குத் தெற்கே, பரேலில், கால்நடை வைத்தியக் கல்லூரி 1886-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. அந்நாளில் நகரத்து டிராம் வண்டிகளைக் குதிரைகளே இழுத்தன. உல்லாசச் சவாரிக்கான விக்டோரியா வண்டிகள் சட்டவிரோதமானவை என்று பம்பாய் உயர்நீதி மன்றம் 2015-இல் தீர்ப்பளித்தது. எனினும் மகாலட்சுமி பந்தயத் திடலில் குதிரைகள் இன்றும் ஓடுகின்றன. அவற்றின் ஓட்டம் நுரையீரலையே நம்பியுள்ளது.

ஓய்வாக நிற்கும் குதிரை நிமிஷத்திற்கு 8 முதல் 16 முறை சுவாசிக்கிறது. ஒரு மூச்சுக்கு ஏறக்குறைய 5 லிட்டர் காற்றை உட்கொள்கிறது. நாலுகால் பாய்ச்சலிலோ ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஒரு மூச்சாக, நிமிஷத்திற்கு 120 முறைக்கு மேல் சுவாசிக்கிறது. அப்பொழுது நிமிஷத்திற்கு 1,500 லிட்டருக்கும் அதிகமான காற்று அதன் நுரையீரலினுள் சென்று வருகிறது. இத்துணையும் மூக்கின் வழியே செல்லவேண்டும்; குதிரை வாயினால் மூச்சு விடுவதில்லை. இவ்வளவு பெரிய சேமிப்பாற்றல் இருப்பதனாலேயே, நுரையீரலில் ஒரு பகுதி பழுதுற்றாலும் ஓய்வு நிலையில் அது புலப்படுவதில்லை.

ஆகவே குதிரையை ஆழமாக மூச்சிழுக்கச் செய்யவேண்டும். அதன் மூக்கைச் சுற்றி ஒரு பெரிய பிளாஸ்டிக் பையைச் சிறிது நேரம் பிடித்தால், வெளிவிட்ட கரியமில வாயுவே மீண்டும் உட்செல்கிறது; குதிரை தானாகவே ஆழ்ந்து சுவாசிக்கிறது. முன்னர் கேளாத இரைச்சல் அப்பொழுது ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும். பையை அகற்றியபின் இருமலெடுத்தாலும், மூச்சு சீராவதற்கு நேரமானாலும் நோயென்று ஐயுறலாம்.

இதனினும் நுட்பமான முறையும் உண்டு. சிறு பலூன் பொருத்திய மெல்லிய குழலை மூக்கின் வழியே உணவுக்குழலினுள் செலுத்தி, மார்பினுள் ஏற்படும் அழுத்த மாறுதலை அளக்கின்றனர். முகமூடியில் பொருத்திய கருவி காற்றோட்டத்தை அளக்கிறது. அதே அளவு காற்றை இழுக்க அதிக அழுத்தம் தேவைப்படுமாயின், மூச்சுப்பாதை குறுகியுள்ளது என்பது தெளிவு. எண்டோஸ்கோப் கருவியோ குரல்வளையின் வாதத்தையும், ஓட்டத்திற்குப்பின் மூச்சுக்குழலில் தென்படும் ரத்தத்தையும் நேரே காட்டுகிறது.

இச்சோதனைகளின் பயன் பந்தயத்தோடு முடிவதன்று. மூச்சுத் திணறும் குதிரை இடறினால் அதற்கும், மேலிருப்பவருக்கும் ஆபத்து. காய்ந்த புல்லின் தூசியாலும் பூஞ்சணத்தாலும் வரும் இளைப்பு நோயை முன்னதாகவே கண்டறிந்தால், புல்லை நீரில் நனைத்துக் கொடுப்பதும், லாயத்தில் காற்றோட்டம் ஏற்படுத்துவதுமே பெரும் நிவாரணம் தரும்.