வந்து மறையும் கோளாறு

மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலின் கல்லை உப்புக் காற்று அரித்துத் தின்பதைக் கண்டு, தொல்பொருள் துறையினர் அதைச் சுற்றிச் சவுக்கு வளர்த்தும், சுவரில் காகிதக் கூழை அப்பி உப்பை உறிஞ்சியெடுத்தும் காத்துவருவது அநேகர் அறிந்த செய்தி. அதே காற்று, கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை கரையோரம் நிற்கும் கார்களின் பானெட்டுக்குள் புகுந்து, ஒயர்களையும் அவற்றை இணைக்கும் கப்ளர்களையும் என்ன பாடு படுத்துகிறது என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

செங்கல்பட்டிலிருந்து கடற்கரை நோக்கிப் போகும் வண்டி, திருக்கழுக்குன்றம் தாண்டியதும் நடுவழியில் நின்றுவிடும்; அரைமணி கழித்துச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடவாதது போலப் புறப்பட்டுவிடும். பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினாலோ குற்றம் எதுவும் அகப்படாது. 'லூஸ் கான்டாக்ட்' என்பார் எலக்ட்ரீஷியன். பெரும்பாலும் அவர் சொல்வது சரியே. எந்த இடத்தில் என்பதே சங்கடம்.

எஞ்சினை ஆளும் இ.சி.யு. என்னும் சிறு பெட்டி, சென்சார்கள் பலவற்றுக்கு 5 வோல்ட் மின்சாரம் அளித்து, அவை திருப்பியனுப்பும் சமிக்ஞையைக் கொண்டே உஷ்ணம் எவ்வளவு, உள்ளே வரும் காற்று எவ்வளவு என்று அறிந்து எரிபொருளை நிர்ணயிக்கிறது. இவ்வளவு சொற்பமான அழுத்தத்தில் அரை வோல்ட் குறைந்தாலும் கணக்குப் பிசகிவிடும். கப்ளரின் முனையில் களிம்பு ஏறினாலோ, எர்த் கம்பியை பாடியில் முடுக்கிய இடத்தில் துருப் படர்ந்தாலோ, அந்த இணைப்பு அதிகாலை ஈரத்தில் ஒருவிதமாகவும் பிற்பகல் வெப்பத்தில் வேறுவிதமாகவும் நடந்துகொள்ளும். 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதி அமலுக்கு வந்தபின் சென்சார்கள் பெருகின. அவற்றோடு இணைப்புகளும் பெருகின.

இ.சி.யு. பதிந்துவைத்து ஸ்கேனர் காட்டும் பழுதுக் குறியீடு தெருவின் பெயரைச் சொல்லுமேயன்றி வீட்டின் எண்ணைச் சொல்லாது. பி 0335 என்று வந்தால், எஞ்சினின் சுழற்சியை அறியும் கிராங்க் சென்சாரின் மின்சுற்றில் பழுது என்பதுதான் பொருள். பழுது சென்சாரிலும் இருக்கலாம், ஒயரிலும் கப்ளரிலும் இருக்கலாம். ஒரே 5 வோல்ட் சப்ளையைப் பகிரும் சென்சார்களில் ஒன்று எர்த்தோடு ஒட்டிக்கொண்டால், குற்றமற்ற மற்றவற்றின் பெயரிலும் குறியீடுகள் வரிசையாக வந்து நிற்கும். பழுது பதிவான கணத்தில் எஞ்சின் என்ன வேகத்தில் சுழன்றது, எவ்வளவு சூடாயிருந்தது என்ற விவரத்தையும் இ.சி.யு. சேமித்து வைப்பதுண்டு. அதைப் படிக்காமலே குறியீட்டை அழித்துவிடும் அவசர வழக்கம் கண்டிக்கத்தக்கது. கைவசமிருக்கும் ஒரே சாட்சியம் அதுவாகவும் இருக்கலாம்.

மல்டிமீட்டரில் ஓம் பார்ப்பதோடு நின்றுவிடுவது போதாது. இருபது இழைகளில் பத்தொன்பது அறுந்து ஒன்றே எஞ்சிய ஒயரும், மீட்டர் செலுத்தும் அற்ப மின்சாரத்துக்குக் குறையற்றதாகவே தோன்றும். ஆகையால், ஸ்டார்ட்டர் சுழலும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே வோல்ட்டைப் பார்க்கவேண்டும், 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைச் சந்தேகிக்கலாம். அதன் பின்னும் பிடிபடாத கோளாறை வலிய வரவழைப்பதே உபாயம்: எஞ்சின் ஓடுகையில் ஒயர்க்கட்டை ஒவ்வோரிடமாக அசைத்தும், கப்ளர்மேல் சிறிது நீர் தெளித்தும், தலைமுடி உலர்த்தும் கருவியால் சென்சாரைச் சூடாக்கியும் பார்க்கவேண்டும். சூட்டில் உள்ளிருக்கும் கம்பிச்சுருளின் தொடர்பு அறுந்து, ஆறியதும் ஒட்டிக்கொள்ளும் கிராங்க் சென்சார் இந்தப் பரீட்சையில்தான் அகப்படும்.

உப்புக் காற்றைத் தாங்குமா என்று அறிய, உதிரி பாகங்களை 35 டிகிரியில் 5 சதவீத உப்புநீர்ப் புகையில் வைத்துச் சோதிக்கும் நியதி உண்டு. அச்சோதனையில் தேறிய ஒயரின் மேலுறையைக் கூட, பட்டறையில் டெஸ்ட் லாம்ப் ஊசியால் ஒருமுறை துளைத்துவிட்டால், அவ்வழியே உப்பீரம் நுழைந்து சில மாதங்களில் செம்பு பச்சையாகிவிடும். இக்கரையோரத்தில் இதைக்காட்டிலும் பெரிய அபசாரம் வேறில்லை என்பேன்.

வண்டி நின்ற வேளை, எஞ்சினின் சூடு, மழையோ வெயிலோ என்பவற்றைக் குறித்துவைத்து எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள். இ.சி.யு.வையே மாற்றவேண்டும் என்று அவர் சொன்னால், எர்த் இணைப்புகளைக் கழற்றிச் சுத்தம் செய்து பார்த்தாயிற்றா என்று முதலில் கேளுங்கள்.