குறியெதிர்ப்பை என்னும் பழஞ்சொல்



மருத்துவச் செலவுக்கு உங்கள் காணிக்கையிலிருந்து உதவி பெறும் குடும்பத்தார் எங்களிடம் அடிக்கடி கேட்பது, "ஐயா, இதை எப்போ திருப்பித் தரணும்?" என்பதே. சிலர் கேட்டுவிட்டு, வேண்டாமென்று எழுந்துவிடுவதும் உண்டு. அந்தத் தயக்கத்தை விளங்கிக்கொள்ள ஒரு பழந்தமிழ்ச் சொல் எங்களுக்கு உதவியிருக்கிறது: குறியெதிர்ப்பை.

அளவு குறித்து வாங்கி, அதே அளவில் எதிர் கொடுப்பது என்பது இதன் பொருள். பக்கத்து வீட்டில் ஒரு ஆழாக்கு அரிசி வாங்கி, கூலி வந்ததும் அதே ஆழாக்கால் அளந்து கொடுக்கிறோமே, அதுதான். வட்டியும் இல்லை, பத்திரமும் இல்லை. இரவல் வேறு, அதில் வாங்கிய பொருளே திரும்ப வேண்டும். பணத்துக்கு இன்று இதைக் கைமாற்று என்கிறோம். கல்யாண வீட்டு மொய் நோட்டும் ஏறக்குறைய இந்த வகைதான்!

புறநானூற்று 163ஆம் பாட்டில், குமணனிடம் பரிசில் பெற்று வீடு திரும்பிய பெருஞ்சித்திரனார் தம் மனைவியிடம், உறவினருக்கும், குடும்பத்தின் பசி தீரக் குறியெதிர்ப்பை தந்தவர்களுக்கும், தம்மைக் கேளாமலே எல்லாருக்கும் கொடுக்கச் சொல்கிறார். கடன் தந்த அந்த அண்டை வீட்டுப் பெண்களும் ஏழைகளாகவே இருந்திருப்பார்கள். அவர்களைப் புலவர் மறக்கவில்லை.

வள்ளுவரோ 221ஆம் குறளில் கோடு கிழித்துவிடுகிறார். இல்லாதவருக்குக் கொடுப்பதே ஈகை. மற்றதெல்லாம் குறியெதிர்ப்பையின் தன்மையது. அவர் கைமாற்றை இகழவில்லை, ஈகை என்ற பெயரை அதற்குத் தர மறுக்கிறார், அவ்வளவே. லூக்கா 6:34இல் ஆண்டவர் சொல்வதும் இதற்கு மிக அருகில் நிற்கிறது. கொடுத்த அளவே திரும்பப் பெறுவதற்காகப் பாவிகளும் பாவிகளுக்குக் கடன் கொடுக்கிறார்கள் என்கிறார். அங்குள்ள கிரேக்கச் சொல்லுக்குச் "சம அளவு" என்றே பொருள்.

நம் திருவண்ணாமலையில் பௌர்ணமி இரவில், 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடப்பவர்களுக்கு அன்னதானம் இடுகிறவர்கள், உண்டவரை மறுபடி காணப்போவதில்லை. அங்கே ஆழாக்குக் கணக்குக்கு இடமே இல்லை.

எனவே, திருப்பித் தரவேண்டாம் என்று மட்டும் சொல்லி நாங்கள் நிறுத்துவதில்லை. வாங்கிப் பழகாத மானமுள்ளவருக்கு அது அடி போல விழும். இது கைமாற்று அல்ல, உங்கள் பெயரில் எந்த நோட்டிலும் பாக்கி எழுதவில்லை என்று பக்கத்தில் உட்கார்ந்து விளக்குகிறோம். அப்படியும் அறுவடை முடிந்ததும் ஒரு பை மல்லாட்டையோடு வந்து நிற்பவர்கள் உண்டு. அதை வார்டில் எல்லாருமாக உரித்துச் சாப்பிடுகிறோம்.