ஸ்டெப்னி மேல் ஒரு சைக்கிள்!

திருவண்ணாமலையில் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். விடியற்காலையில் சைக்கிளில் சுற்றினால் சுகம்தான். (பௌர்ணமியன்று மட்டும் வேண்டாம், நடக்கவே இடமிருக்காது!) சரி, சென்னையிலிருந்து ஜீப்பில் வருகிறவர் சைக்கிளை எதில் ஏற்றுவது?

முதல் வழி, கூரை கேரியர். தலைக்கு மேல் தூக்க இரண்டு பேர் வேணும். லாட்ஜ் வாசல் வளைவின் உயரமும் தெரிஞ்சிருக்கணும். துணிக்கூரை போட்ட தாருக்கு இது சரிப்படாது.

இரண்டாவது, பின்கதவு ஸ்டெப்னியில் மாட்டுவது. விலை கம்மி. ஆனால் 15 கிலோ வீதம் இரண்டு சைக்கிள், கேரியர், ஸ்டெப்னி... அத்தனையும் கதவுக் கீல் தலையில்தான்! பஞ்சர் ஆனால் எல்லாவற்றையும் இறக்கணும்.

மூன்றாவது, வண்டிக்கு அடியில் சேஸிஸோடு பொருத்தும் கொக்கியில் மாட்டுவது. கனம் தாங்கும், செலவும் கனம்! ஸ்டெப்னியைத் தாண்டி நீண்டிருக்கணும். பின்பக்கம் சாய்கிற ரகமாகப் பாருங்க, இல்லேன்னா கதவு திறக்காது.

எதை வாங்கினாலும் நம்பர் பிளேட்டும் பின்விளக்கும் மறையக் கூடாது. சட்டத்துக்காக மட்டுமில்லை. ராத்திரி செஞ்சி ரோட்டில் பின்னால் வரும் லாரிக்காரருக்கு அந்தச் சிவப்பு விளக்குதான் உங்க முகவரி.

இடுக்குப் பிள்ளையாரிடம் நுழைகிறவர் முதலில் தன் உடம்பைத்தான் பார்த்துக்கொள்கிறார். கேரியரைப் பார்க்கும் முன் நீங்களும் வண்டியைப் பாருங்க!