தண்ணீரில் கரி ஏது, அண்ணாச்சி?

திருச்சுழி ரோட்டு டீக்கடை. கரிமூட்டத்திலிருந்து நேரே வந்து உட்கார்ந்த அண்ணாச்சிக்கு நகக்கண்ணெல்லாம் கறுப்பு. எலான் மஸ்க்கில் தொடங்கிய பேச்சு எப்படியோ மூலிகைப் பெட்ரோலுக்கு வந்துவிட்டது.

"ராமர் பிள்ளையை விட்டிருந்தா இன்னைக்கு லிட்டர் அஞ்சு ரூபாய்க்குக் கிடைக்கும் தம்பி. கம்பெனிக்காரன் விடுவானா?"

1996. ராஜபாளையம் பக்கத்து ஆள், பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவர், தண்ணீரில் மூலிகையைப் போட்டுக் கொதிக்கவைத்து எரித்துக் காட்டினார். டெல்லி விஞ்ஞானிகளே முதலில் வாய் பிளந்தார்கள். சென்னை ஐஐடி சோதனையில் வித்தை பலிக்கவில்லை. கலக்கும் குச்சிக்குள் எண்ணெய் ஒளிந்திருந்ததாகச் செய்தி வந்தது. அப்புறம் அவர் பெயரில் விற்ற எரிபொருள் டொலுயீனும் நாப்தாவும் கலந்தது என்று சிபிஐ வழக்குப் போட்டது. 2016 அக்டோபரில் சென்னை நீதிமன்றம் 3 ஆண்டு சிறை விதித்தது.

அண்ணாச்சிக்கு அவர் தொழிலை வைத்தே சொன்னேன். "மூட்டத்துல கருவேலங்கட்டையை அடுக்கி, மண் பூசி, மூச்சு முட்ட வைக்கிறீங்க. மிஞ்சுறது கரி. அந்தக் கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்ததுதான் பெட்ரோல். தண்ணீரில் கரி பொட்டுகூடக் கிடையாது. சொல்லப்போனா தண்ணீரே எரிஞ்சு முடிஞ்ச ஹைட்ரஜன்தான். சாம்பலை மறுபடி மூட்டம் போடுவீங்களா?"

"போடமாட்டேன். ஆனா இலையில கரி இருக்குல்ல?"

கேட்கத் தெரிந்த மனிதர்.

"இருக்கு. கைப்பிடி இலையில எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான். அதுல குடம் நிறைய பெட்ரோல் எப்படி வரும்?"

தலையாட்டினார். டீயை உறிஞ்சினார். "இருந்தாலும் அந்த ஆளுகிட்ட என்னமோ இருந்துச்சு தம்பி."

இந்த 'இருந்தாலும்'தான் விஷயமே. அண்ணாச்சிக்குப் பிடித்தது பெட்ரோல் இல்லை. படித்தவன் முன்னால் கைகட்டி நின்றே பழகிய வானம் பார்த்த பூமியில், படிக்காத ஒருவன் அண்டாவை வைத்துக்கொண்டு டாக்டர் பட்டங்களைத் திணறடித்தான். ஜெயித்தது அவன் மட்டுமா? அவன் பொய் என்றால், இந்தப் பெஞ்சில் இத்தனை வருஷம் அவனுக்காக மல்லுக்கு நின்ற அண்ணாச்சியும் தோற்றவர். அதற்குச் சதி என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அதன் பிறகு தீர்ப்பு வந்தாலும் அது சதிக்குச் சாட்சியாகிவிடும்.

மஸ்க்கின் ரசிகர்களும் இதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த ஆண்டே 10 லட்சம் டாக்ஸிகள் ஓட்டுநர் இல்லாமல் ஓடும் என்று 2019 ஏப்ரலில் மஸ்க் சொன்னார். ஓடவில்லை. கேட்டால் ரசிகர்கள் அவருடைய ராக்கெட்டைக் காட்டுகிறார்கள். ராக்கெட் மெய்தான், மேலே போன ஃபால்கன் 9 இன் அடிப்பகுதி 2015 டிசம்பரில் நின்றவாக்கில் தரையிறங்கியதை உலகமே பார்த்தது. ராமர் பிள்ளையையும் அவரையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை. ஆனால் கைதட்டலை மட்டும் கேட்டால் எது ராக்கெட், எது குச்சி என்று தெரியாது.

அடுத்து ஒருவர் அண்டாவோடு வராமல் இருக்கப் போவதில்லை. வந்தால் தாராளமாகக் கூடி நின்று பாருங்கள். கலக்குகிற குச்சியை மட்டும் நீங்கள் கொண்டுபோங்கள்.