ஓவேலி காற்றில் கரண்ட் எடுக்க முடியாதா? காற்றாலைகள் உடுமலைக்கு போன ரகசியம்!

கூடலூர்,

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். நீலகிரி மாவட்டம் ஓவேலியில் அது பழமொழி அல்ல, வருஷா வருஷம் நடப்பது. தென்மேற்கு பருவமழை தொடங்கினால் எல்லமலை, பார்வுட், ஆரோட்டுப்பாறை பகுதிகளில் மரம் சாயும், கம்பி அறுந்து கரண்ட் போகும். "இவ்ளோ காத்து அடிக்குதே, இங்கேயே ஒரு காத்தாலை வச்சா என்ன?" என்ற கேள்வி எழுவது சகஜம்தான்.

பலமான காற்று மட்டும் போதாது

காற்றாலைக்கு சீராக, ஒரே திசையில், பல மாதம் வீசும் காற்று வேண்டும். மலைச்சரிவிலும் மரங்களிலும் மோதும் காற்று சுழன்றடிக்கும். அதில் இறக்கை ஆட்டம் கண்டு எந்திரம் சீக்கிரம் பழுதாகும். மணிக்கு 90 கி.மீ. வேகத்தை தாண்டினால் பெரும்பாலான காற்றாலைகள் தானாகவே நின்று விடும்.

8 மடங்கு கணக்கு

காற்றின் வேகம் 2 மடங்கானால் அதில் உள்ள சக்தி 8 மடங்காகும். வேகம் 10 சதவீதம் குறைந்தாலோ சக்தி சுமார் 27 சதவீதம் போய்விடும். கணிப்பு கொஞ்சம் தப்பினாலும் போட்ட முதலுக்கே மோசம்!

அதனால் முதலில் உயரமான கம்பம் நட்டு, குறைந்தது ஒரு வருஷம் காற்றை அளப்பார்கள். அதை பல வருஷ வானிலை பதிவுகளோடு ஒப்பிட்டு, அடுத்த 20 வருஷத்துக்கு எவ்வளவு மின்சாரம் கிடைக்கும் என்று கணக்கு போடுவார்கள். கோபுர உயரம், இறக்கை நீளம், ஒன்றுக்கொன்று இடைவெளி எல்லாம் இதை வைத்துத்தான் முடிவாகும். சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்று சக்தி நிறுவனம் இதற்கான காற்று வரைபடங்களை தயாரிக்கிறது.

உடுமலைக்கு அடித்த யோகம்

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டு கணவாய் இருக்கிறது. மலைகள் மறிப்பதால் பருவக்காற்று இந்த வாசல் வழியாக வேகமெடுத்து பாய்கிறது. எதிரே சமவெளி. உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் குவிந்த காரணம் இதுதான். ஆரல்வாய்மொழி கணவாயை ஒட்டிய முப்பந்தலிலும் இதே கதைதான்.

ஓவேலியிலோ காடு, யானை நடமாட்டம், நீண்ட இறக்கையை ஏற்ற முடியாத கொண்டை ஊசி ரோடு என தடைகள் ஏராளம்.

கரண்ட் பிரச்சினை தீருமா?

காற்றாலை வந்தாலும் அந்த கரண்ட் பொது மின்தொகுப்புக்குத்தான் போகும். 1969-ம் ஆண்டு ஜென்ம நில ஒழிப்பு சட்டத்தின் 17-வது பிரிவு நிலச்சிக்கலால் மின் இணைப்புக்கு பல வருஷமாக அலைந்த குடும்பங்கள் இங்கு நிறைய. அவர்களுக்கு வேண்டியது காத்தாடி அல்ல. நிலத்துக்கு ஒரு முடிவு!