கடைவாய்ப் பல்லுக்கு இன்னொரு படம் எதற்கு?



"ஒரு பல்லுக்கு எத்தனை படம்தான் எடுப்பீர்கள், ஐயா?" என்று பல் மருத்துவப் பிரிவின் வாசலில் காத்திருந்த பெரியவர் ஒருவர் எங்களைக் கேட்டார். கீழ்த்தாடையில் ஒரு கடைவாய்ப் பல் போய்விட்டது. அந்த இடத்தில் டைட்டானியம் திருகு பொருத்தி, அதன்மேல் பல் கட்டிக்கொள்ள வந்திருந்தார். ஓ.பி.ஜி. படம் கையிலேயே இருந்தது. ஸ்கேனும் வேண்டும் என்றதும் அவருக்கு வருத்தம். உங்களில் சிலருக்கும் இக்கேள்வி இருக்கும். ஆகவே மருத்துவர்களிடம் கேட்டறிந்ததை, எங்களுக்குப் புரிந்த அளவில் எழுதுகிறோம்.

ஓ.பி.ஜி. தாடை முழுவதையும் ஒரே நீளப் படமாக விரித்துக் காட்டும். பற்களின் வரிசையும் எலும்பின் உயரமும் தெரியும். ஆனால் கன்னத்துப் பக்கமிருந்து நாக்குப் பக்கம் வரை எலும்பு எத்தனை தடிப்பு என்பது தெரியாது. வீட்டின் முன்னே நின்று பார்ப்பவருக்குச் சுவரின் உயரம் தெரிகிறது. அது நாலரை அங்குலச் சுவரா, ஒன்பது அங்குலச் சுவரா என்பது தெரிவதில்லை அல்லவா?

அதற்காகவே கோன் பீம் ஸ்கேன். 1990களின் பிற்பகுதியில் இத்தாலியில் பல் மருத்துவத்திற்கென்று இக்கருவி உருவானது. கூம்பு வடிவக் கதிருடன் தலையைச் சுற்றி வந்து, நூற்றுக்கணக்கான படங்களை எடுக்கும். கம்ப்யூட்டர் அவற்றை ஒன்றாக்கிவிடும். பிறகு, ரொட்டியைத் துண்டு போடுவதுபோல் தாடையைக் குறுக்கே வெட்டித் திரையில் பார்த்து, கோடு இழுத்து அளக்கிறார்கள். தசமப் புள்ளியோடு அளவு வந்தாலும் அதை அப்படியே நம்பிவிடக் கூடாதாம். அரை மில்லிமீட்டருக்கும் மெல்லிய எலும்பு படத்தில் விழாமலே போகலாம்.

கடைவாயில் இந்தக் கணக்கு ஏன் முக்கியம்? திருகைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது 1 மில்லிமீட்டர் எலும்பாவது வேண்டும். கீழ்த்தாடையின் உள்ளே ஒரு நரம்பு ஓடுகிறது. உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தருவது அதுதான். அதற்கு 2 மில்லிமீட்டர் மேலேயே துளையை நிறுத்த வேண்டும். நாக்குப் பக்கம் எலும்பு உள்வாங்கிக் குழிந்திருப்பதும் உண்டு. துளை அதைத் தாண்டினால் வாயின் அடித்தளத்தில் இரத்தம் கட்டி, மூச்சையே அடைக்கக்கூடும். மேல்தாடையிலோ, வேர்களுக்கு மேலேயே காற்றறை.

வேறோர் ஊரில் திருகு வைத்துக்கொண்டு, பின்பு இங்கே வந்த ஒரு சகோதரியை நாங்கள் சந்தித்தோம். கீழுதட்டில் பாதி மரத்துப்போயிருந்தது. காப்பி குடிக்கும்போது ஓரமாய் வழிவது அவருக்குத் தெரியவில்லை. மகள் துடைத்துவிட்டாள். நாலு பேர் நடுவில் சாப்பிட உட்காருவதையே விட்டுவிட்டதாகச் சொன்னார். பல் சமாசாரம்தானே என்று அதுவரை நாங்களும் இலேசாக எண்ணியதுண்டு.

பல்வலி என்று வருகிற எல்லாருக்கும் இந்த ஸ்கேன் எடுப்பதில்லை. ஓ.பி.ஜி.யைவிட இதில் கதிர்வீச்சு அதிகம். தேவையில்லாதவர்களை மருத்துவர்கள் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

பெரியவர் கடைசியில் சம்மதித்தார். பல் எடுத்து நாளானதால் எலும்பு ஒடுங்கியிருந்தது. மேல்விளிம்பில் அகலம் 4 மில்லிமீட்டர்தான். வைக்க நினைத்த திருகின் குறுக்களவும் அதேதான்! எலும்பு ஒட்டு வைத்து மாதக்கணக்கில் காத்திருக்கலாம், அல்லது இருபுறத்துப் பற்களைப் பிடித்து பிரிட்ஜ் கட்டலாம் என்றார்கள். காத்திருக்க வயதில்லை என்று சிரித்துக்கொண்டே பிரிட்ஜுக்கு அளவு கொடுத்துவிட்டுப் போனார்.